மூளையை அளந்த கதை

"இவனுக்குக் கணக்கு ஏறாது." "அவள் பிறவியிலேயே கெட்டிக்காரி." வீட்டிலும் பாடசாலையிலும் நாம் யோசிக்காமல் சொல்லும் வார்த்தைகள் இவை. ஒரு பிள்ளையின் திறமை இவ்வளவுதான் என்று அளந்து முடித்துவிடலாம் என்ற இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1904இல் பிரான்ஸ் அரசு, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை எப்படி இனங்காண்பது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் அல்ஃப்ரெட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சிறு பகுதிகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார். யாருக்கு மேலதிக உதவி தேவை என்று கண்டறிவதுதான் அதன் நோக்கம்.

புத்தி பிறவியோடு வரும், அதைக் கூட்ட முடியாது என்றவர்களை பினே 1909இல் வெளிவந்த தன் நூலில் கடுமையாக எதிர்த்தார். கவனமும் ஞாபகமும் பயிற்சியால் வளரும் என்றார். அதற்கான பயிற்சிகளையும் வகுத்தார். சிலை போல அசையாமல் நிற்கும் விளையாட்டு அவற்றில் ஒன்று. முதலில் அசையாமல் இருக்கப் பழகட்டும், பாடம் பிறகு வரட்டும் என்பது அவருடைய வழி.

1911இல் அவர் காலமானார். அமெரிக்காவில் ஹென்றி கொடார்ட் அந்தச் சோதனையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். லூயிஸ் டெர்மன் 1916இல் அதைத் திருத்தி வெளியிட்டார். புத்தி பரம்பரையாக வருவது என்று இருவரும் நம்பினார்கள். உதவி செய்யப் பிறந்த சோதனை, அவர்கள் கையில் முத்திரை குத்தும் கருவியாயிற்று.

நம் நாட்டுக் கதையும் இதற்குத் தூரமில்லை. 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் புலமைப்பரிசில் தொடங்கியது, கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரியில் படிக்க வேண்டும் என்பதற்காக. இன்று வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பத்து வயதுப் பிள்ளையை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்?

முத்திரை என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். "நீ புத்திசாலி" என்று புகழப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து இலகுவான கணக்கையே விரும்பினார்கள். கடினமானதில் ஒருமுறை தோற்றதும் சோர்ந்தார்கள். "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்கள் புதிதாகக் கற்கக்கூடியதைத் தேடினார்கள். ஆக, கெட்டிக்காரன் என்ற பட்டமும் பிள்ளையைப் பயந்தவனாக்கும். மொக்கு என்ற பட்டத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

முயற்சி எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. நல்ல கற்பித்தலும், வேளைக்குச் சாப்பாடும், படிக்க ஓர் அமைதியான மூலையும் வேண்டும். ஆனால் "எனக்கு வராது" என்று நம்பிவிட்ட பிள்ளை, இவை எல்லாம் கிடைத்தாலும் புத்தகத்தைத் திறக்காது.

உம்மாமாரே, வாப்பாமாரே, ஆசிரிய நண்பர்களே, அடுத்த தடவை புள்ளிப் பட்டியல் கைக்கு வரும்போது பினே கேட்ட கேள்வியை நாமும் கேட்போம்: இந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி தேவை?