ஹாம்சாட்

ஹாம்சாட் என்பது ஹாம் வானொலி ஆர்வலர்களின் பயன்பாட்டுக்காக இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) உருவாக்கிய சிறிய செயற்கைக்கோள் ஆகும். இது வியூசாட்-ஆஸ்கார் 52 என்றும் அழைக்கப்பட்டது. 2005 மே 5 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி6 ஏவூர்தி மூலம், கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளுடன் ஏவப்பட்டது. கார்ட்டோசாட்-1 சுமார் 1,560 கிலோகிராம் எடை கொண்டது. ஹாம்சாட்டின் எடை 42.5 கிலோகிராம் மட்டுமே.

இதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் (சமிக்ஞையைப் பெற்று வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவிகள்) இருந்தன. ஒன்று இந்தியாவிலும், மற்றது நெதர்லாந்து மாணவர் ஒருவராலும் உருவாக்கப்பட்டவை.

சுற்றுப்பாதை

ஹாம்சாட் ஏறத்தாழ 630 கிலோமீட்டர் உயரத்தில், 97.8 பாகை சாய்வுடைய சூரிய ஒத்தியக்கச் சுற்றுப்பாதையில் செலுத்தப்பட்டது. புவி நடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதால் சுற்றுப்பாதையின் தளம் மெல்லத் திரும்புகிறது. இந்தச் சாய்வில் அத்திருப்பம் நாளொன்றுக்குச் சுமார் 0.986 பாகை கிழக்கு நோக்கி அமைகிறது. புவி சூரியனைச் சுற்றும் வேகமும் இதுவே. ஆகவே செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் உள்ளூர் நேரம் பெரிதும் மாறுவதில்லை.

ஒரு சுற்றுக்குச் சுமார் 97 நிமிடங்கள் ஆகும். அதற்குள் புவி 24 பாகை சுழன்றுவிடும். எனவே தென்னிந்தியாவில் இருப்பவருக்கு இது முற்பகலில் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ இரு முறையும், இரவில் தெற்கிலிருந்து வடக்காக இரு முறையும் அடிவானத்துக்கு மேலே வந்தது. முதல் முறை கிழக்கு வானில் தாழ்வாகச் சென்றால், அடுத்த முறை மேற்கே தள்ளிச் செல்லும்.

தடமறிதல்

தலைக்கு நேர்மேலே சென்றாலும் செயற்கைக்கோள் சுமார் 13 நிமிடங்களே எட்டும் எல்லைக்குள் இருக்கும். தாழ்வாகச் சென்றால் இன்னும் குறைவு. அடிவானத்தில் தோன்றும்போது அதன் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அனுப்பும் திறனோ 1 வாட் அளவே. ஆகையால் எந்த நொடியில், எத்திசையில் தோன்றும் என முன்கூட்டியே அறிவது இன்றியமையாதது. இதற்கு ஈரடித் தரவு எனப்படும், சுற்றுப்பாதை எண்களை இரு வரிகளில் தரும் பட்டியல் பயன்படுகிறது. இதில் ஹாம்சாட்டின் எண் 28650. வளிமண்டல இழுவையால் பாதை சிறுகச் சிறுக மாறுவதால், பல மாதங்கள் பழைய தரவைக் கொண்டு கணித்தால் நேரம் பிசகும்.

திசை சரியாக இருந்தாலும் அலைவரிசை நிலையாக நிற்பதில்லை. இதற்குக் காரணம் டாப்ளர் விளைவு. ஹாம்சாட்டின் இறங்கு அலைவரிசை 145.9 மெகாஹெர்ட்சை ஒட்டியது. நெருங்கி வரும்போது அது சுமார் 3 கிலோஹெர்ட்சு கூடுதலாகவும், விலகிச் செல்லும்போது அதே அளவு குறைவாகவும் கேட்டது. ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல் ஒலிபரப்பில் இந்த அளவு விலகினால் பேச்சே புரியாது. எனவே ஒரு கையில் யாகி அன்டெனாவைத் திருப்பியபடி, மறு கையால் அலைவரிசையையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மாற்றம் மிக விரைவாக நிகழ்வது செயற்கைக்கோள் மிக அருகில் வரும் நடுக்கட்டத்திலாகும்; புதியவர்கள் தொடர்பை இழப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

செயலிழப்பு

இரண்டு ஆண்டு ஆயுளை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட ஹாம்சாட் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. இலித்தியம் அயனி மின்கலன்கள் பழுதடைந்ததால் 2014 சூலையில் அதன் பணி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அதன் பாதையை அறிய ரேடார் போன்ற தரைக் கருவிகளின் அளவீடுகளையே நம்ப வேண்டியதாயிற்று.