கண் நீர் அழுத்த நோய்

கிளாக்கோமா என்றும் வழங்கும் கண் நீர் அழுத்த நோய், பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும் நோய்களின் பொதுப்பெயர். கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் ஊறும் தெளிந்த நீர், கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியே வடிந்துவிட வேண்டும். வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறி நரம்பிழைகள் மடியும். மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் ஓரப் பார்வை போகிறது. நேர்ப் பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால், பேப்பர் படித்துக்கொண்டிருப்பவருக்கு இழப்பு உறைப்பதில்லை.

அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2003-ல் வெளியானது. 2.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. அதிகம் காணப்படும் திறந்த கோண வகை இருந்தவர்களில் 93 சதவீதத்தினர் அதற்குமுன் கண்டறியப்படாதவர்கள். மருந்துப் பற்றாக்குறையைவிடப் பெரிய சிக்கல் இதுதான்.

பார்வை மங்கினால் 'புரை முற்றட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்' என்று காத்திருப்பது நம்மூர் வழக்கம். புரையில் போன பார்வையைப் பெரும்பாலும் லென்ஸ் வைத்து மீட்கலாம். நரம்பில் போனதை மீட்க முடியாது. போதாக்குறைக்கு, முற்றி உப்பிய புரையே கண்ணழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும். கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நோய் இருத்தல், 40-ஐக் கடந்த வயது, கூடுதல் கிட்டப்பார்வை, கண்ணில் பட்ட பழைய அடி ஆகியவை ஆபத்தைக் கூட்டும். நம் கையில் இருக்கும் காரணம் ஒன்றும் உண்டு: ஸ்டீராய்டு சொட்டு மருந்து. கண் அரிப்புக்கு என்றோ எழுதிக் கொடுத்ததை மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்வதால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இந்நோய் வருகிறது.

அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருப்பது இயல்பு என்பார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஜப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வில், திறந்த கோண நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அழுத்தம் 21-ஐத் தாண்டவில்லை. ஆகவே பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பார்வைப் பரப்புச் சோதனையும் வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

அன்றாடப் பழக்கங்களில் நடைப்பயிற்சி நல்லது. அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். சிரசாசனம் வேண்டாம்: தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதும் குப்புறப் படுப்பதும் தற்காலிகமாக அழுத்தத்தை ஏற்றும். கேரட்டும் கீரையும் உடம்புக்கு நல்லவை, ஆனால் இந்நோய்க்கு மருந்தல்ல. விளக்கெண்ணெய், தேன் போன்றவற்றைக் கண்ணில் விடவே கூடாது.

நோய் உறுதியானவருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம், சொட்டு மருந்தைத் தவறாமல் போடுவது. வலியும் இல்லை, போட்டதால் பார்வை கூடியதாகவும் தெரியாது. அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு சொட்டே போதும். போட்டதும் இமையை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும். டிமோலால் வகை மருந்து மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும் என்பதால், ஆஸ்துமா இருப்பவர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு இந்நோய் இருந்தால், உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி, அவர்களையும் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.