நிலத்தை நோக்கித் திரும்பிய பீரங்கிகள்

சிங்கப்பூரின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர், அத்தீவின் பீரங்கிகள் யாவும் கடலையே நோக்கி நின்றன என்றும், பகைவர் பின்புறமாக வந்தமையால் அவை பயனற்றுப் போயின என்றும் கூறுவது வழக்கம். எளிதில் நெஞ்சில் பதியும் கதை இது. ஆயினும் முழு உண்மையன்று.

தீவின் கீழ்க்கோடியிலுள்ள சாங்கியில் ஜோகூர் பீரங்கித் தளத்தின் எச்சத்தை இன்றும் காணலாம். ஜோகூர் சுல்தான் இப்ராஹிம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை முன்னிட்டு 1935ஆம் ஆண்டில் வழங்கிய 5,00,000 பவுனில் பெரும்பகுதி இத்தளத்திற்குச் செலவாயிற்று. பெயரும் அதனால் வந்ததே. இங்கு 15 அங்குல வாய் அகலமுள்ள பீரங்கிகள் மூன்று நின்றன. அவற்றின் குண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 880 கிலோ எடையுள்ளது. 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று தாக்க வல்லது. செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளத்தைக் காப்பதே இவற்றின் கடமை.

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 அன்று கோத்தாபாருவில் இறங்கி, மலாயா வழியே தெற்கே வந்தனர். 1942 பிப்ரவரி 8 இரவு ஜோகூர் நீரிணையைக் கடந்தனர். அப்போது சாங்கிப் பீரங்கிகள் நிலத்தை நோக்கித் திரும்பிச் சுடவே செய்தன. குறை திசையில் இல்லை, குண்டில் இருந்தது. கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்யப்பட்ட குண்டுகள் மண்ணில் ஆழப் புதைந்து வெடித்தன. பரவி வரும் காலாட்படையை அவை எங்ஙனம் தடுக்கும்? பகைவன் கடல்வழியே வருவான் என்ற துணிபு, குண்டுக் கிடங்கு வரைக்கும் சென்றிருந்தது. சரணடைவதற்குமுன் ஆங்கிலேயரே பீரங்கிகளைத் தகர்த்தனர்.

பிப்ரவரி 15 அன்று பெர்சிவல் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பூங்காவில் 40,000க்கு மேற்பட்ட இந்தியப் போர்வீரர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு அவ்விடத்தில்தான் தளிர்த்தது. மறுபுறம், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, காலராவாலும் பசியாலும் மாண்டனர். தலைநகரில் செய்த கணக்குப் பிழைக்குக் கடன் தீர்த்தவர் தோட்டத்துக் கூலிகளே.

புதர் மூடிக் கிடந்த சாங்கித் தளம் 1991இல் மீண்டும் கண்டறியப்பட்டு, 2002இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கிருப்பது பீரங்கியின் மாதிரி வடிவமே. செந்தோசாத் தீவிலுள்ள சிலோசோ கோட்டையில் பழைய பீரங்கிகளும் சுரங்க வழிகளும் உள்ளன. லாப்ரடார் பூங்காவிலும் 6 அங்குலப் பீரங்கித் தளத்தின் சின்னங்கள் காணக் கிடைக்கின்றன.

பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர் நம் இனத்தார். இவ்விடங்களுக்குச் செல்லும் அன்பர்கள் பீரங்கியின் நீளத்தை வியப்பதோடு நின்றுவிடாமல், அது காக்கத் தவறிய மக்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களுள் நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கியோர் எத்தனையோ பேர்.