எழுதப்படாத வருமானம்

பூவிருந்தவல்லி என்ற பெயர் மக்கள் நாவில் பூந்தமல்லி என்று தேய்ந்த போதிலும், அவ்வூரின் பெயரிலிருந்து பூ மட்டும் உதிர்ந்துவிடவில்லை. பதினோராம் நூற்றாண்டில் இங்கே அவதரித்து, இராமாநுஜருக்கு வழிகாட்டியாக விளங்கிய திருக்கச்சி நம்பிகள், நந்தவனம் அமைத்து, தாம் பறித்த மலர்களைக் காஞ்சி வரதனுக்குக் கைங்கரியமாகக் கொண்டு சென்றார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம் போற்றி வரும் செய்தி. அந்தப் பூவுக்கு விலை இல்லை. ஆகையால் கணக்கும் இல்லை. இன்று இருள் பிரியுமுன் கோயம்பேட்டுக்குப் போய் மல்லியும் கனகாம்பரமும் வாங்கி வந்து, டிரங்க் ரோட்டின் ஓரத்திலே முழம் போட்டு விற்கும் பெண்ணின் பூவுக்கு விலை உண்டு, கணக்குத்தான் இல்லை.

அவளுடைய வரவுசெலவு முழுவதும் இடுப்பில் செருகிய ஒரு சுருக்குப்பைக்குள் அடங்கிவிடுகிறது. மண்டிக்காரர் எடை எழுதித் தரும் துண்டுச் சீட்டு, கூடையின் ஈரத்தில் நனைந்து, சாயங்காலத்துக்குள் கூழாகிப் போகிறது. அவள் வீட்டில் தேதியும் தொகையும் ஒழுங்காகப் பதிந்திருக்கும் காகிதம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: தண்டல்காரர் அன்றாடம் நூறோ இருநூறோ வரவு வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அட்டை. அவள் ஈட்டியது எங்கும் எழுதப்படவில்லை. பட்ட கடன் மாத்திரம் நாள் தவறாமல் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த நிலைமையின் விபரீதம், அதே டிரங்க் ரோட்டில் ஒரு லாரி நிலைதடுமாறும் நாளில்தான் வெளிப்படுகிறது. குடும்பத்தார் பூந்தமல்லி நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கோரி நிற்கும்போது, எதிர்த்தரப்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்து கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, இறந்தவருடைய வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்பதாகும்.

இக்கேள்விக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பிறருடைய தவறினால் ஒருவர் உயிரிழந்தால் அவரை நம்பியிருந்த மனைவி, மக்கள், பெற்றோர் முதலானோர் ஈடு கேட்கலாம் என்று நம் நாட்டில் சட்டம் பிறந்தது 1855இல். ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தது 1860இல். ஐந்தாண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரண்டு ஏற்பாடுகளில் ஒன்று கொடுப்பதற்காகவும் மற்றொன்று வாங்குவதற்காகவும் ஏற்பட்டவையாயினும், நீ சம்பாதித்தது எவ்வளவு என்ற ஒரே வினாவைத்தான் இரண்டும் எழுப்பின. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்த 1956ஆம் ஆண்டுத் திருத்தமும், இன்று வழங்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் நியாயம் தேடும் பாதையைச் சுருக்கின என்பது மெய்யே; எனினும், அந்த வினா மாறவில்லை. 1994இல் சேர்க்கப்பட்ட அட்டவணை ஒன்று, வருமானமே இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று ஓர் உத்தேசத் தொகையை விதித்தது. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறிய பின்பும் 2018 வரை ஏட்டில் அப்படியே நின்ற அத்தொகை, வருமானம் இருந்தும் நிரூபிக்க இயலாதவர் தலையிலும் சில சமயம் வந்து இறங்கியது.

உத்தேசத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கினால் காட்டலாம். முப்பத்தெட்டு வயதில் இறந்த ஒருத்தி, மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்து நான்கு பேரைக் காப்பாற்றி வந்தாள் என்று கொள்வோம். வருஷத்துக்கு 2,40,000, பிற்கால முன்னேற்றத்துக்காக நூற்றுக்கு நாற்பது கூட்டி, அவளது சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கைக் கழித்து, அவ்வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த பெருக்கெண்ணாகிய 15ஆல் பெருக்கினால், 37,80,000 ரூபாய் வருகிறது. அத்தாட்சி இல்லையென்று வருமானத்தை 10,000 என வைத்துவிட்டால், அத்தொகை 18,90,000. பாதிப் பணம் மறைந்துபோயிற்று. இத்தனைக்கும் அவள் யாரையும் ஏமாற்றியவள் அல்லள். பழைய வரிமுறையில் 2,50,000 ரூபாய் வரை வரியே கிடையாதாகையால், அவள் சர்க்காருக்குச் செலுத்த வேண்டியிருந்த வரி ஒரு காசும் இல்லை.

அம்பத்தூர்ப் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1949இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், அறுபதுகளில் தொழிற்பேட்டையும் ஏற்பட்டு, அதே காலத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்கியை உருவாக்கத் தொடங்கியபோது, சம்பளச் சீட்டு என்ற புதிய தஸ்தாவேஜு இவ்வட்டாரத்து வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இடம்பிடித்தது. ஆனால், பெரிய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் செய்து பிழைத்த லேத்துப் பட்டறைகளிலோ, சனிக்கிழமை மாலை கூலி கைக்குக் கை மாறியது; சில இடங்களில் இ.எஸ்.ஐ. ஏட்டுக்கு ஒரு தொகையும், கையில் மற்றொரு தொகையுமாகவும் மாறியது. வேலையில் விபத்து நேர்ந்து உயிர் போனால், இ.எஸ்.ஐ. குடும்பத்துக்கு அளிக்கும் பென்ஷன் ஏட்டிலுள்ள கூலியின் நூற்றுக்குத் தொண்ணூறே தவிர, கையில் வாங்கியதன் தொண்ணூறன்று. சந்தா மிச்சமாகிறதே என்று அன்று தொழிலாளியும் இதற்கு இசைந்திருக்கலாம். அந்த மிச்சம் அவன் விதவையின் நஷ்டமாய் முடிகிறது.

வரிக்கு அஞ்சி வரவைக் குறைத்துக் காட்டிய கடைக்காரர் சங்கதி வேறு. அவர் கைப்பட ஒப்பமிட்ட ரிட்டர்னையே நீதிமன்றம் தலைசிறந்த அத்தாட்சியாகக் கொள்கிறது. விபத்துக்குப் பின் அவசரமாகத் தாக்கல் செய்த ரிட்டர்னைச் சந்தேகக் கண்ணோடு நோக்குகிறது. இதில் அநீதி இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால், கணக்கை மறைத்த கை ஒன்று, தண்டனை அனுபவிக்கும் வயிறு வேறொன்று என்பதை நினைக்கையில் மனம் கசிகிறது.

மறைத்தவரையும் எழுத வகையற்றவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதை நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் உணர்ந்தன. கர்நாடகத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னதைக் கீழ்க்கோர்ட்டு 3,000 ஆக்கியபோது, குறைப்பதற்குக் காரணமே இல்லையென்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014இல், கால் இழந்த காய்கறி வியாபாரி ஒருவர் வழக்கில், அமைப்புசாராத் தொழிலில் ஜீவிப்பவர் மாத வருமானத்துக்குக் காகிதம் காட்டுவாரென்று எதிர்பார்ப்பதே தகாது என்று கூறி, 6,500 ரூபாய் என நிர்ணயித்தது. சுயதொழில் செய்வோருக்கும் பிற்கால முன்னேற்றம் உண்டென்று அரசியல் சாசன அமர்வு ஒப்புக்கொள்வதற்கு 2017 அக்டோபர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்பொழுது பூந்தமல்லியில் பூக்கூடைகளின் விளிம்பிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஒரு முழம் மல்லிக்குரிய தொகை, பிளாஸ்டிக் பெட்டியொன்று உரக்கக் கூவி அறிவிக்க, தேதியோடும் நேரத்தோடும் பாங்கியில் பதிவாகிறது. அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், பையன் பெயரில் என்றோ மருமகன் பெயரில் என்றோ பதில் சொல்லிவிட்டு, அவள் அடுத்த முழத்தை அளக்கிறாள்.