பரிசோதனைத் திரைப்படம்: பொழுதுபோக்கா, தொழிலா? அமெரிக்க அனுபவத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கதையையும் நட்சத்திரத்தையும் வசூலையும் நம்பாமல், காட்சியின் இயல்பையே சோதித்துப் பார்க்கும் படங்களைப் பரிசோதனைத் திரைப்படங்கள் என்கிறோம். இவற்றை எடுப்பவர் பொழுதுபோக்காளரா (அமெச்சூர்), தொழிற்கலைஞரா என்ற விவாதம் பெரும்பாலும் திறமையை வைத்தே நடக்கிறது. இக்கட்டுரை திறமையை விட்டுவிட்டுப் பணத்தின் வழியைத் தேடுகிறது. படம் எடுக்கவும் எடுத்தவர் பிழைக்கவும் காசு எங்கிருந்து வந்தது? இந்த விவாதம் மிகக் கூர்மையாக நடந்த அமெரிக்காவே களம். 1923 முதல் 1981 வரையிலான காலத்தைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பரிசோதனைப் படத்தைச் சுற்றிப் பல தொழில்கள் உருவாயின, படம் எடுப்பது மட்டும் தொழிலாகவில்லை.

1. கருவியும் கழகமும்

1923-இல் கோடாக் நிறுவனம் 16 எம்.எம். படச்சுருளை வீட்டுப் பயன்பாட்டுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. எளிதில் தீப்பிடிக்காத அடித்தளம் கொண்ட சுருள் அது. கேமராவில் ஓடிய சுருளையே திரையிடும் பிரதியாகக் கழுவி எடுக்கலாம். நெகட்டிவுக்கும் பிரதிக்கும் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. 1926-இல் அமெச்சூர் சினிமா லீக் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர், பொறியாளரும் கண்டுபிடிப்பாளருமான ஹிராம் பெர்சி மாக்சிம்.

1928-இல் வெளிவந்த இரண்டு படங்கள் இக்காலத்தை நன்கு காட்டுகின்றன. ராசெஸ்டர் நகரில் ஜேம்ஸ் சிப்லி வாட்சனும் மெல்வில் வெப்பரும் ‘தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்’ எடுத்தார்கள். வாட்சன் மருத்துவம் படித்தவர். படம் அமெச்சூர் குழுக்களிடையே சுற்றியது. ஹாலிவுட்டில் ராபர்ட் ஃப்ளோரியும் ஸ்லாவ்கோ வோர்காபிச்சும் துணை நடிகர் ஒருவரின் வீழ்ச்சியைப் படமாக்கினார்கள். செலவு 97 டாலர் என்று சொல்லப்படுகிறது. முன்னவர்கள் சினிமாத் தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள். பின்னவர்கள் அதிலேயே சோறு உண்டவர்கள். ஆனால் இரு படங்களுமே சம்பளத்துக்காக எடுத்தவை அல்ல. எனவே எடுப்பவரின் வேலையை வைத்துப் படத்தை வகைப்படுத்த முடியாது.

2. மாயா டேரன்

1943-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தாம் குடியிருந்த வீட்டையே களமாக்கி, மாயா டேரனும் கணவர் அலெக்சாண்டர் ஹமீதும் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ எடுத்தார்கள். ஹமீது தேர்ந்த ஒளிப்பதிவாளர்; டேரனுக்கு அதுவே முதல் படம். 1946 பிப்ரவரியில் டேரன் நியூயார்க்கின் பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸை வாடகைக்கு எடுத்துத் தம் படங்களைத் தாமே திரையிட்டார். அதே ஆண்டு அவருக்கு குகன்ஹெய்ம் நல்கை கிடைத்தது. அத்திரையிடலால் தூண்டப்பட்ட ஏமஸ் வோகல், 1947-இல் ‘சினிமா 16’ திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். உச்சத்தில் அதற்கு ஏறத்தாழ 7,000 உறுப்பினர்கள் இருந்தார்கள்.

கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் படப்பிரதிகளை வாடகைக்கு அனுப்பியது, ஊர் ஊராகப் போய் உரையாற்றியது, கட்டுரை எழுதியது எல்லாம் டேரனே. உழைப்பின் அளவில் இது முழுநேரத் தொழில், வருமானத்தில் இல்லை. ஆயினும் 1959-இல் எழுதிய கட்டுரையில் அவர் அமெச்சூர் பக்கமே நின்றார். வசனத்துக்கும் கதைக்கும் காட்சியைப் பலிகொடுக்கத் தேவையில்லாத சுதந்திரமும், கையடக்கக் கேமரா தரும் உடல் சுதந்திரமும் தொழிற்கலைஞருக்கு வாய்க்காதவை என்பது அவர் வாதம். 1961-இல், 44 வயதில் அவர் இறந்தபோதும் அவருக்கு நிலையான வருவாய் இருக்கவில்லை.

3. கூட்டுறவும் நல்கையும்

டேரன் தனியாளாகச் செய்ததை 1962-இல் படக்கலைஞர் ஜோனஸ் மேகஸும் நண்பர்களும் அமைப்பாக்கினார்கள். அப்படி உருவான ஃபிலிம்-மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ் தரம் பார்த்து எந்தப் படத்தையும் ஒதுக்கவில்லை. வாடகையில் பெரும்பங்கு படம் எடுத்தவருக்கே போனது. 1964-இல் ஃபோர்டு அறக்கட்டளை 12 படக்கலைஞர்களுக்கு ஆளுக்கு 10,000 டாலர் வரை வழங்கியது. ஆனால் வாடகை சொற்பம். நல்கையோ ஒருமுறை வருவது.

இந்த நெருக்கடி படத்தின் வடிவத்தையே தீர்மானித்ததற்குப் பரிசோதனைப் படக்கலைஞர் ஸ்டான் பிராகேஜ் சான்று. அவர் விளம்பரப் படங்கள் எடுத்துக் குடும்பம் நடத்தியவர். 1963-இல் ‘மாத்லைட்’ எடுத்தபோது படச்சுருள் வாங்கக்கூடப் பண நெருக்கடி. விளக்கில் விழுந்து இறந்த விட்டில்களின் சிறகுகளையும் இதழ்களையும் புல்லையும் 16 எம்.எம். அகலமுள்ள இரண்டு ஒட்டுநாடாக்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அதை லேபில் கொடுத்துப் பிரதி எடுத்தார். கேமராவே இல்லாமல் ஒரு படம். அடுத்த ஆண்டு அவருடைய 16 எம்.எம். கருவிகள் திருடுபோயின. விலை குறைந்த, வீட்டுக் கேமராவான 8 எம்.எம்.முக்கு மாறி, ‘சாங்ஸ்’ வரிசையின் 30 படங்களை 1969 வரை எடுத்தார். பொழுதுபோக்குக் கருவி இங்கே கடும் உழைப்பின் கருவியானது.

4. பல்கலைக்கழகமும் ஒரு கடிதமும்

எழுபதுகளில் இத்துறை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. பஃபலோவில் படக்கலைஞர்களான ஹாலிஸ் ஃப்ராம்ப்டனும் பால் ஷாரிட்ஸும் கற்பித்தார்கள். பிராகேஜ் சிகாகோவிலும், 1981 முதல் கொலராடோவிலும் கற்பித்தார். மாதச் சம்பளம் வந்தது, ஆனால் அது கற்பிப்பதற்கான சம்பளம்.

1973 ஜனவரியில் ஃப்ராம்ப்டன் எழுதிய கடிதம் இந்த முரணை அம்பலமாக்கியது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைத் தொகுத்துத் திரையிட முன்வந்தது. கௌரவம் உண்டு, கட்டணம் இல்லை. படச்சுருள் தயாரிப்பவர், லேப் ஊழியர், புரொஜக்டர் இயக்குபவர், அருங்காட்சியகக் காவலாளி என ஒவ்வொருவராக அடுக்கி, இவர்கள் அனைவருக்கும் கூலி உண்டு, படத்தை உண்டாக்கியவனுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். ஒருகாலத்தில் திரைப்பட லேபில் பணியாற்றியவர் என்பதால் ஒவ்வொரு வேலையும் அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1971-இல், பிராகேஜ் தம்மை அமெச்சூர் என்றே அறிவித்து எழுதியிருந்தார். இருவரும் முரண்படவில்லை. ஒருவர் படைப்பின் சுதந்திரத்தைப் பேசினார். மற்றவர் உழைப்பின் ஊதியத்தை.

5. இந்திய ஒப்பீடு

இந்தியாவில் இதே காலத்தில் விடை வேறாக இருந்தது. 1948-இல் தொடங்கிய, அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகள் அப்போது கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. அங்கே பணியாற்றிய பிரமோத் பதி 1968-இல் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற துணிச்சலான பரிசோதனைப் படத்தை எடுத்தார். அதே ஆண்டு குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்காக ‘கிளாக்ஸ்ப்ளோஷன்’ எடுத்தார். மக்கள் வரிப்பணத்தில் பரிசோதனைக்கு ஊதியம் கிடைத்தது; எசமானன் அரசு என்பது அதன் விலை.

முடிவு

அறிவும் ஒழுங்கும் கோரும் உழைப்பு என்ற அளவில் பரிசோதனைத் திரைப்படம் பொழுதுபோக்கல்ல. ஊதியத்தின் அளவில் அமெரிக்காவில் அது தொழிலாகவும் இல்லை. விளம்பர வேலையும் நல்கையும் பேராசிரியர் பதவியும்தான் அதைத் தாங்கின. இந்த நிலையை உண்டாக்கியது கலையின் இயல்பு அல்ல, பணத்தைப் பங்கிடும் ஏற்பாடு. ஆகவே அதை மாற்ற முடியும். குறும்படங்களையும் பரிசோதனைப் படங்களையும் கேட்டு வாங்கித் திரையிடும் நம் திரைப்படச் சங்கங்களும் விழாக்களும், அரங்க வாடகையைக் கணக்கெழுதும் முன் படம் எடுத்தவருக்கான கட்டணத்தை எழுதட்டும்.