46 பிக்சலில் வெங்கலச்செட்டிக்குளம்

இணையத்தில் நாம் நிரப்பும் விண்ணப்பப் படிவங்கள் பலவும் ஒரே சாயலில் இருக்கும். மெல்லிய சாம்பல் கோட்டால் ஆன பெட்டி, சற்றே வளைந்த மூலை, தொட்டவுடன் சுற்றிலும் படரும் நீல ஒளி. அந்தப் பெட்டியின் ஊர் சான் பிரான்சிஸ்கோ. 2010 நடுப்பகுதியில் டுவிட்டர் நிறுவனத்தில் வேலை செய்த மார்க் ஒட்டோவும் ஜேக்கப் தோர்ன்டனும், அலுவலகக் கருவிகள் எல்லாம் ஒரே தோற்றத்தில் இருக்கவேண்டும் என்று அதற்கான நிரல் தொகுப்பை எழுதத் தொடங்கினார்கள். முதலில் டுவிட்டர் புளூபிரிண்ட் என்று பெயர். 2011 ஓகஸ்ட் 19 அன்று பூட்ஸ்ட்ராப் என்ற பெயரில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள்.

சரியாக இரண்டு வருடம் கழித்து, 2013 ஓகஸ்ட் 19 அன்று, மூன்றாம் பதிப்பு வந்தது. முதலில் கைபேசித் திரைக்குப் பொருந்தவேண்டும், பெரிய திரை அதற்குப் பிறகுதான் என்று அது முறையை மாற்றியது. அப்போது போருக்குப் பின் எழுந்துகொண்டிருந்த வன்னியில் பல வீடுகளுக்குக் கைபேசிதான் முதற் கணினி. ஆகவே அந்த மாற்றம் நமக்கு நல்ல நேரத்தில் கிடைத்த மாற்றம்.

2021 மேயில் வந்த ஐந்தாம் பதிப்பு, அதுவரை பெட்டிகளுக்கிடையே இடைவெளி தந்துவந்த ‘போர்ம்-குரூப்’ என்ற கட்டளையைக் கைவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்து அதையே எழுதும் மாணவருக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது. இடைவெளி மட்டும் வராது. எங்கே தவறு என்று தெரியாமல் இரவு முழுக்கத் தேடவேண்டியிருக்கும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் படிக்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெட்டியை ஒட்டத் தெரிந்தால் போதாது, அது எப்படி அளக்கிறது என்றும் தெரியவேண்டும்.

அளவு எல்லாம் பன்னிரண்டில்தான். ஒரு வரியைப் பன்னிரண்டு பங்காக்கி, இந்தப் பெட்டிக்கு ஆறு, அதற்கு நான்கு, மற்றதற்கு இரண்டு என்று கொடுக்கிறோம். பூட்ஸ்ட்ராப்பின் சொந்த விளக்க உதாரணமே ஓர் அமெரிக்க முகவரிதான்: நகரத்துக்கு ஆறு, மாநிலத்துக்கு நான்கு, அஞ்சல் குறியீட்டுக்கு இரண்டு. 43000 என்ற வவுனியாவின் குறியீடு அந்த இரண்டு பங்கில் வசதியாக அடங்கும். இதே பங்குப் பிரிப்பை வழக்கமான பக்க இடைவெளியோடு எடுத்து, கடைசிப் பெட்டியைப் பிரதேச செயலகப் பிரிவுக்கான தெரிவுப்பட்டியலாக மாற்றினால் என்ன ஆகும்? 768 பிக்சல் அகலத் திரையில் வரிக்குக் கிடைப்பது 720. அதில் ஆறில் ஒரு பங்கு 120. பக்க இடைவெளி 24 போனால் 96. இடப்பக்க ஓரம் 12, அம்புக்குறி இருக்கும் வலப்பக்கம் 36, இரண்டு கோட்டுக்கும் 2. மிஞ்சுவது 46. அந்த 46 பிக்சலில் வெங்கலச்செட்டிக்குளம் என்ற பிரிவுப் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துத்தான் தெரியும். புதுக்குடியிருப்புக்கும் கரைத்துறைப்பற்றுக்கும் அதே கதி.

பெட்டிக்குப் பக்கத்தில் தலைப்பை வைக்கும் அமைப்பு இதைவிடக் கடினம். தலைப்புக்கு இரண்டு பங்கு, பெட்டிக்குப் பத்து என்பது அங்கே வழக்கமான பிரிப்பு. 576 பிக்சல் திரையில் தலைப்புக்கு எஞ்சுவது 66. ஆங்கிலத்தில் ‘ஈமெயில்’ என்ற சொல் அதற்குள் நிம்மதியாக இருக்கும். நம் அரசாங்கப் படிவங்களில் வரும் ‘முதலெழுத்துக்களுடன் பெயர்’ இருக்காது. ‘முதலெழுத்துக்களுடன்’ என்ற ஒற்றைச் சொல்லே எல்லை தாண்டி வழிந்துவிடும்.

பெட்டிக்குள் மிதக்கும் தலைப்பு பார்க்க அழகு. ஐந்தாம் பதிப்பு கொண்டுவந்த புதுமை அது. பெட்டியைத் தொட்டதும் தலைப்பு 85 வீதமாகச் சுருங்கி மேலே நகரும். 16 பிக்சல் எழுத்து 13.6 ஆகிவிடும். மலிவான கைபேசியில் அந்த அளவில் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துப் படிக்க முதியவர்களின் கண்ணுக்கு முடியாது. 5.3 பதிப்பில் நீளமான தலைப்பு இரண்டாம் வரிக்கு மடங்குவதும் இல்லை, மூன்று புள்ளியோடு நடுவில் வெட்டுப்படும். அரசாங்க வேலைக்கான படிவத்தில் இதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் முடிவு.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வரியை இரண்டாகப் பிளக்கும் இன்னொரு உதாரணமும் பூட்ஸ்ட்ராப்பின் விளக்கத்தில் உண்டு. தகப்பனின் பெயரை முன்னால் வைத்து எழுதும் நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி, முழு வரி.

இதில் பூட்ஸ்ட்ராப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு பங்கு எதையும் போடாமல் விட்டால், தலைப்பு மேலே, பெட்டி கீழே, இரண்டும் முழு அகலத்தில் என்று அது தானாகவே அமைத்துத் தருகிறது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொருந்துவது அந்த எளிய அமைப்புத்தான். வரியைப் பிரித்தே ஆகவேண்டுமென்றால் 992 பிக்சலுக்கு மேற்பட்ட திரைக்கு மட்டும் பிரியுங்கள். தலைப்புகளில் ஒன்று மடங்கினாலும் பெட்டிகள் ஒரே மட்டத்தில் நிற்க, வரியைக் கீழ்ப்பக்கமாக ஒழுங்குபடுத்துங்கள். ஆங்கிலத்தில் படிவத்தைச் செய்து முடித்துவிட்டுக் கடைசி நாளில் மொழிபெயர்க்க வேண்டாம். முதல் நாளே தமிழ்த் தலைப்புகளைப் போட்டு, வெங்கலச்செட்டிக்குளம் என்ற பெயரை ஒவ்வொரு பெட்டியிலும் தட்டச்சிட்டு, ஒரு சின்னக் கைபேசியில் திறந்து பாருங்கள்.