அலைக்கு இட்ட பூட்டு



கம்பி வழியே செல்லும் செய்தியைக் களவாட எண்ணுவோன் அக்கம்பியை நாடிச் செல்லவேண்டும். அலை வழியே செல்லும் செய்தியோ வீட்டு வாயிலோடு நில்லாது. ஏற்கும் கருவி உடையார் எவரும் அதனைத் தெருவில் நின்றே ஏற்கலாம். இவ்வுண்மை வானொலிக் கலையின் இளமையிலேயே வெளிப்பட்டது. 1903ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியை அவையோர்க்குக் காட்ட ஃபிளெமிங் என்னும் அறிஞர் முற்பட்டார். மார்க்கோனியின் செய்தி வருமுன்பே, நெவில் மாஸ்கலின் என்னும் செப்பிடு வித்தைக்காரர் வேறோரிடத்திலிருந்து ஏளனச் சொற்களை அனுப்பி அங்கிருந்த கருவியில் பதியச் செய்தார். பிறர் தலையீட்டுக்கு இடமில்லை என்று மார்க்கோனி கொண்டிருந்த பெருமிதம் அன்று குலைந்தது.

நம் இல்லங்களில் வைஃபை அலைகளைப் பரப்பும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டிக்கும் இதே இடர் உண்டு. அதற்கு அறிஞர்கள் பூட்டுகள் அமைத்த வரலாற்றைக் காண்போம்.

1997இல் வெளியான முதல் விதிமுறையில் டபிள்யூ.இ.பி. என்னும் மறைப்பு முறை இடம்பெற்றது. கம்பிக்கு நிகரான மறைவு என்பது அப்பெயரின் கருத்து. பெயர் பெரிது; காவல் சிறிது. திறவுகோலின் அளவு 40 பிட் மட்டுமே. செய்தித் துணுக்குதோறும் அதனுடன் சேர்க்கப்பட்ட எண் 24 பிட் அளவினதாதலால், ஏறத்தாழ 1.68 கோடி எண்கள் தீர்ந்ததும் பழையனவே மீண்டும் வந்தன. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர், அம்முறைக்கு அடிப்படையான ஆர்.சி.4 திறவுகோலைக் கையாளும் விதத்திலேயே குறையுண்டு என நிறுவினர். 2007இல் டார்ம்ஷ்டாட் நகர ஆய்வாளர்கள், பின்னர் வந்த 104 பிட் திறவுகோலையும் ஒரு நிமிடத்துக்குள் கண்டறிய இயலும் என்று காட்டினர்.

இதற்கிடையே, 2003இல் டபிள்யூ.பி.ஏ. இடைக்கால ஏற்பாடாக வந்தது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்னும் மறைமுறையை மேற்கொண்டது. ஆர்.சி.4 வணிக மறைபொருளாக இருந்து 1994இல் கசிந்தது. ஏ.இ.எஸ். முறையோ உலகறியப் போட்டியில் வைக்கப்பட்டது. பல நாட்டு அறிஞரும் அதனைச் சோதித்தபின், 2000இல், பெல்ஜியத்தின் டேமன், ரைமன் இருவரின் ஆக்கம் தேர்வு பெற்றது. ஒளித்து வைத்த பூட்டினும் ஊரார் அசைத்துப் பார்த்த பூட்டே உறுதியுடையது என்பது இதனால் விளங்கும்.

எனினும் எப்பூட்டும் என்றைக்கும் போதுமானதன்று. 2017இல் மாத்தி வான்ஹூஃப் டபிள்யூ.பி.ஏ.2இலும் ஒரு குறையைக் கண்டு வெளியிட்டார். உற்பத்தியாளர் திருத்தங்கள் வழங்கினர்; 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிவிக்கப்பட்டது.

அறிஞர் ஆக்கிய பூட்டைப் பூட்டுவது வீட்டாரின் கடமை. பெட்டியோடு வந்த மேலாண்மைக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுக. டபிள்யூ.பி.ஏ.3, அஃது இல்லையேல் ஏ.இ.எஸ். கூடிய டபிள்யூ.பி.ஏ.2 என்பதைத் தேர்க. வைஃபைக் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துவரை அமையலாம், நீண்டதையே கொள்க. எட்டிலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துக, அவ்வெண்ணை ஏறத்தாழ 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இல் வெளிப்பட்டது. திருத்தங்கள் வருந்தோறும் ஏற்றுக்கொள்க. அயலான் ஒருவன் உங்கள் இணைப்பில் புகுந்து குற்றம் இழைத்தால், விசாரணை முதலில் உங்கள் வாயிலுக்கே வரும். ஆதலின் இன்றே உங்கள் வீட்டுப் பெட்டியின் அமைப்பைப் பெற்றோருடன் அமர்ந்து பார்வையிடுங்கள்.